தறி நிற்கும் வரை

காசிக்குப் போய் வந்து எழுதியிருக்கிறேன். அந்தமானுக்குக் கப்பலில் போய், வழியெல்லாம் வாந்தியெடுத்து, அதையும் விடாமல் எழுதி நண்பர்களைப் படிக்க வைத்திருக்கிறேன். இந்த முறை நான் எழுதப்போகும் பயணத்தின் தூரம் தொண்ணூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வாழப்பாடியிலிருந்து சேலம் முப்பத்திரண்டு, சேலத்திலிருந்து குமாரபாளையம் ஐம்பத்தைந்து, மிச்சம் ஆட்டோவும் நடையும். இதற்கு பாஸ்போர்ட் வேண்டாம், கம்பளி வேண்டாம். அனுமதி மட்டும் வேண்டியிருந்தது. அது கிடைக்குமா என்று தெரியாமலே கிளம்பினோம்.

கிளம்பியது நானும் என் மனைவி சரோஜாவும். பார்க்கப் போனது எங்கள் பேத்தியை. பெயர் தன்ஷிகா. பொருள் என்னவென்று என்னைக் கேட்காதீர்கள், வைத்தவர்களுக்கே தெரியாது. எங்கள் மகன் முரளியும் மருமகள் நித்யாவும் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அந்தப் பெயர்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எதிலும் ஒத்துவரவில்லை. அவன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவள் கைக்குழந்தையோடு குமாரபாளையத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். விவாகரத்து வழக்கு நடக்கிறது. குழந்தையைப் பற்றிக் கேட்டால் அவன் போனை வைத்துவிடுகிறான். அந்தச் சண்டையில் நாங்கள் இருவரும் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. மகனைப் பெற்றவர்கள் என்பதால், எங்களைக் கேட்காமலே அவன் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். குழந்தை எங்கள் வீட்டை விட்டுப் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. சுவரை எப்போது விட்டாள் என்று எங்களுக்குத் தெரியாது.

சேலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். தாத்தா பாட்டி என்ற முறையில் குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்டுத் தனியாக மனு போடலாம் என்றார். கோர்ட்டிலேயே ஒரு அறை இருக்கிறதாம், பொம்மையெல்லாம் கிடக்குமாம், மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாமாம். திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சரோஜாவுக்கு அந்த அறை பிடிக்கவில்லை.

"நோட்டீஸு போச்சுன்னா அந்த வீட்டு வாசல் அன்னைக்கே மூடிக்கும்" என்றாள். "ஒரே ஒரு தடவ நேர்ல போய்க் கேப்போம். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். அப்புறம் நீங்க எந்தக் கோர்ட்டுக்குக் கூப்புட்டாலும் வரேன்."

சம்பந்தி சென்னியப்பனுக்கு அதற்கு முன்பே இரண்டு தடவை போன் செய்திருந்தேன். இரண்டு தடவையும் "இப்ப வேண்டாமுங்க" என்று வைத்துவிட்டார். இதைச் சரோஜாவிடம் சொன்னபோது, "இப்பதானே வேண்டாம்னாரு" என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இந்தப் பயணம்.

காலை ஆறே முக்காலுக்கு வாழப்பாடி பஸ் நிலையத்தில் டவுன் பஸ் ஏறினோம். எனக்கு இருபத்தைந்து ரூபாய் டிக்கெட். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் சரோஜாவுக்குக் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர். அதை அவள் ஏதோ பரிசு வாங்கியதைப்போல மடித்துக் கைப்பையில் வைத்தாள். நாற்பது வருடம் உரக்கடை நடத்தி இவளை உட்கார வைத்துச் சோறு போட்டவன் நான். அதற்கு ஒரு நாளும் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஆடி மாதம். நல்ல காரியத்துக்கு ஆகாத மாதமாயிற்றே என்று முந்தின நாள் சொல்லிப் பார்த்தேன். "நாம என்ன பொண்ணு பாக்கவா போறோம்?" என்று வாயை அடைத்துவிட்டாள். காற்று பலமாக இருந்தது. பாக்குத் தோப்புகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. வெயில் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அயோத்தியாப்பட்டணம் வரும்போது சேர்வராயன் மலையின் தலையைக் காணோம், மேகம் மூடியிருந்தது. இப்படிப்பட்ட காலை நேரங்களில் எனக்கு எதுவும் நிஜமாகப் படுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள், ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள் பாதி அழிந்திருந்தது. எல்லாம் வந்தன, போயின. நான் தூங்கிக்கொண்டு பார்த்தேனா, பார்த்துக்கொண்டே தூங்கினேனா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

சேலத்தில் இறங்கி, இட்லி சாப்பிட்டு, செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்தோம். குழந்தைக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. மூட்டை இறக்கும் வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையில் உடம்பைச் சுருக்கி நடந்து, ஒரு துணிக்கடைக்குள் ஏறினோம். அப்போதுதான் கடை திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பாவுக்கு என்ன சைஸும்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

சரோஜா தன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினாள். நான் அதற்கு ஒரு சாண் கீழே காட்டினேன். இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்த கடைக்காரர், "ரெண்டு பாப்பாங்களா?" என்றார்.

"ஒண்ணுதாங்க" என்றேன்.

"எதுல படிக்குது?"

"தெரியல" என்று சரோஜா சொன்னாள். சொல்லிவிட்டு, அடுக்கியிருந்த கவுன்களில் கண்ணை ஓட்டுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மனிதர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சளில் சின்னச் சின்ன மாம்பழம் போட்ட ஒரு கவுனை எடுத்து விரித்தார்.

"கொஞ்சம் பெருசாவே எடுத்துக்கங்கம்மா. வளர்ற புள்ள, அடுத்த வருசமும் போடலாம்."

"அடுத்த வருசம் போட்டுப் பாக்க நாங்க இருக்கணுமே" என்றாள் சரோஜா. இருப்பது என்று அவள் சொன்னது உயிரோடு இருப்பதை அல்ல என்று எனக்குத் தெரியும். முந்நூற்று எழுபது ரூபாய். பேரம் பேசாமல் கொடுத்தேன். அதற்காக அவள் என்னைத் திட்டாதது கவலையாக இருந்தது.

புதிய பஸ் நிலையத்தில் நான் ஒரு தவறு செய்தேன். குமாரபாளையத்துக்குள் போகும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் காத்திருந்து, பொறுமையிழந்து கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஆளுக்கு ஐம்பது ரூபாய். "ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல எறக்கிவிடுவேன்" என்று கண்டக்டர் சொன்னபோது பஸ் கொண்டலாம்பட்டியைத் தாண்டியிருந்தது. அது சொகுசு பஸ். உட்கார்ந்ததும் முதுகு பின்னால் போனது, கண்ணும் கூடவே போனது.

அந்தத் தூக்கத்தில் ஒரு கனவு. பஸ் நடுவில் ஒரு குழந்தை இருக்கை இருக்கையாகப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறது. என் இருக்கைக்கு வரும் முன்பு கண்டக்டர் அதனிடம் டிக்கெட் கேட்கிறார். நான் வாங்குகிறேன், நான் வாங்குகிறேன் என்று சட்டைப்பையைத் தடவுகிறேன். என் சட்டையில் பையே இல்லை. விழித்தபோது சங்ககிரி மலை ஜன்னல் முழுக்க நின்றது. கோட்டைச் சுவர் மலையோடு மலையாக ஏறி மேகத்துக்குள் போயிருந்தது. பக்கத்தில் சரோஜா கவுன் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தூங்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன முணுமுணுத்தீங்க?" என்றாள்.

"டிக்கெட் கேட்டாங்க."

"எடுத்தாச்சே" என்று சொல்லி, மீண்டும் சாலையைப் பார்க்கத் தொடங்கினாள்.

பைபாஸில் இறக்கிவிட்டார்கள். லாரிகள் போகும் காற்றில் புடவையும் வேட்டியும் ஒரு பக்கமாகப் பறந்தன. ஒரு ஆட்டோ நின்றது. எண்பது ரூபாய் கேட்டார், சரி என்றோம். தெருப்பெயரைச் சொன்னதும், "சென்னியப்பண்ணன் பட்டறைங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. தெரியுமா?"

"தெரியாம என்னங்க. சொந்தமுங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்தபோது சரோஜா, "சொந்தம்தான்" என்றாள்.

"அந்தச் சந்துக்குள்ள போனா பேசறது கேக்காதுங்க. ரெண்டு பக்கமும் தறி. அங்க எல்லாருமே கையிலதான் பேசோணும். எங்க ஊட்லயும் அப்பிடித்தானுங்க. எங்கம்மா சோத்துக்கு வான்னு வாய்ல கூப்புட்டதே இல்ல, கையத்தான் ஆட்டும்" என்று சிரித்தார்.

ஊருக்குள் நுழைந்ததும் சத்தம் மெல்ல ஆரம்பித்தது. முதலில் எங்கோ ரயில் போவதைப்போல. ஒவ்வொரு தெரு தாண்டும்போதும் அந்த ரயில் பக்கத்தில் வந்தது, ஆனால் வந்து சேரவில்லை, போகவும் இல்லை. காற்றில் பஞ்சு பறந்தது. ஆடிக் காற்று ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் அதை வெளியே இழுத்து, தெருவின் மேல் மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தது. மின்கம்பியில், வேப்பமரத்தில், தூங்கும் நாயின் முதுகில், எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைத் தூசி. ஒரு வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்று ஒரு சத்தமும் இல்லாமல் கையை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நொடி, நான் இன்னும் பஸ்ஸில்தான் தூங்குகிறேன் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மதியம் ஒன்றரை. முன்பக்கம் ஒரு அறை, அதையொட்டிப் பக்கவாட்டில் விசைத்தறிப் பட்டறை. சென்னியப்பன் தறிக்கு நடுவிலிருந்து எங்களைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தாட்டியான மனிதர், மனைவி போன பிறகு மகளைத் தனியாக வளர்த்தவர். முரளியின் கல்யாணத்தில் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியவர். இப்போது அந்தக் கைகள் பக்கத்தில் தொங்கின.

"வாங்க" என்றார். சத்தத்தில் அது கேட்கவில்லை, உதடுதான் தெரிந்தது. உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து சரோஜாவிடம் நீட்டினார். அவள் பாதி குடித்து என்னிடம் கொடுத்தாள். தண்ணீர் கொடுக்காமல் விட்டிருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன் என்று பிறகு சொன்னாள்.

இதைவிட விசித்திரமான பேச்சுவார்த்தையில் நான் கலந்துகொண்டதில்லை. கத்தினால் தெருவுக்குக் கேட்கும், மெதுவாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கே கேட்காது. வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துப் பேசினோம். கோபத்தில் இருப்பவரோடு அவ்வளவு நெருங்கி நின்று பேசிப் பாருங்கள், எப்படி முறைப்பது என்றே தெரியாது. அவர் தோளில் எண்ணெய் வாடையும் நூல் வாடையும் அடித்தன.

"மாசத்துக்கு ஒரு தடவ பாத்துட்டுப் போறோம். வேற ஒண்ணும் கேக்கல" என்றேன் அவர் காதில்.

அவர் என் காதுக்குக் குனிந்தார். "பாப்பா இப்பத்தானுங்க அப்பா எங்கன்னு கேக்கறத உட்டுருக்குது. தெனமும் வாசல்ல போயி நின்னுக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்க வந்துபோட்டுப் போனா மறுக்கா ஆரம்பிக்கும். நீங்க சாயங்காலம் பஸ்ஸேறிப் போயிருவீங்க. அழுகறத நானும் என்ற புள்ளையுந்தானுங்க பாக்கோணும்."

நான் வழியெல்லாம் பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். மகன் செய்ததற்கு நாங்கள் என்ன செய்வோம் என்பது ஒன்று. ரத்த பந்தம் என்பது ஒன்று. கடைசிக்குக் கோர்ட் என்பது ஒன்று. அவர் எங்களை வெறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் பயந்துகொண்டிருந்தார்.

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, மறுபடி குனிந்தார். "இத்தன தூரம் வந்துட்டீங்க. பாப்பா தூங்குது. தறி ஓடற வரைக்கும் முழிக்காதுங்க. இந்தச் சத்தத்துலயே வளந்த புள்ள, சத்தம் நின்னாத்தான் முழிச்சுக்கும். மூணு மணிக்குத் தறிய நிறுத்துவோம். அதுக்கு முந்தி பாத்துப்போட்டுக் கெளம்பிருங்க. அது உங்களப் பாக்க வேண்டாம்."

நாங்கள் பார்க்கலாம், அவள் எங்களைப் பார்க்கக் கூடாது. வாங்கிய அனுமதி இவ்வளவுதான். சரோஜாவின் காதில் நான் இதைச் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

முன் அறையில் ஃபேன் சுற்றியது. கீழே பாயில், பழைய புடவையை மடித்து விரித்ததன் மேல், ஒரு குழந்தை ஒருக்களித்துத் தூங்கியது. நாங்கள் சுவரோரம் உட்கார்ந்தோம். சென்னியப்பன் நிலைப்படியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உட்கார்ந்திருக்கும் தரை அதிர்ந்தது. சுவர் அதிர்ந்தது. என் மூக்குக் கண்ணாடி மூக்கிலேயே அதிர்ந்தது. அந்த அதிர்வெல்லாம் சேர்ந்து ஒரு தொட்டில் ஆட்டுவதைப்போல இருந்தது, அதன் நடுவில் அவள். கடைக்காரரிடம் நாங்கள் காட்டிய இரண்டு உயரமும் தப்பு, இரண்டுக்கும் நடுவில் இருந்தாள். காது முரளியின் காது, கொஞ்சம் வெளியே விலகியது. காலில் ஒரு பழைய சிராய்ப்பு, எங்கேயோ விழுந்திருக்கிறாள், யாரோ மருந்து போட்டிருக்கிறார்கள். கையில் ஒரு நூல்கண்டின் காலிக் குழலைப் பிடித்தபடியே தூங்கியிருந்தாள். வெளியே பறந்த பஞ்சு உள்ளேயும் பறந்தது. ஒரு துணுக்கு மிதந்து மிதந்து வந்து அவள் புருவத்தில் உட்கார்ந்தது. சரோஜாவின் கை நீண்டது. சென்னியப்பனைப் பார்த்தாள். கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொரு துணுக்கு வந்து உட்கார்ந்தது. அதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கப் பயந்தேன்.

பட்டறைக்குப் போகும் கதவு திறந்தே கிடந்தது. அதன் வழியாக ஆறு தறிகளும், அவற்றுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்த நித்யாவும் தெரிந்தார்கள். தலையெல்லாம் பஞ்சு, நரைத்துப்போனவளைப்போல இருந்தாள். ஒவ்வொரு தடவை இந்தப் பக்கம் திரும்பும்போதும் எங்களைப் பார்த்தாள். சரோஜாவும் அவளும் எங்கள் வீட்டில் இருந்த காலத்தில்கூட அதிகம் பேசிக்கொண்டதில்லை. என்ன தோன்றியதோ, சரோஜா பொட்டலத்தைப் பிரித்து அந்த மஞ்சள் கவுனைத் தூக்கிக் காட்டினாள். நித்யா தன் இரண்டு கைகளையும் தோளில் வைத்து, கீழே இறக்கி, தலையை ஆட்டினாள். சரியாக இருக்கும் என்று அர்த்தம். சரோஜா குழந்தையின் கால் சிராய்ப்பைக் காட்டி, என்ன என்று கையை விரித்தாள். நித்யா காற்றில் ஒரு சைக்கிள் ஓட்டி, விழுந்து காட்டினாள். சரோஜா சிரித்தாள். அப்புறம் குழந்தையின் மூடிய கண்களைக் காட்டினாள். தன் கண்களைக் காட்டினாள். காட்டிய விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நித்யா தலையைக் குனிந்துகொண்டு தறிகளுக்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தத்தில் ஏதோ ஒன்று குறைந்தது. முதலில் என் காதுதான் கோளாறு என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது. கதவு வழியாகப் பார்த்தேன். ஓரத்துத் தறி நின்றிருந்தது. மூன்று மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அடுத்ததும் நின்றது. நித்யா ஒவ்வொரு தறியாகப் போய் நின்று, நகர்ந்து, அடுத்ததற்குப் போனாள். மூன்று. நான்கு. ஐந்து. கடைசித் தறியும் நின்றபோது பக்கத்து வீட்டுத் தறிகளின் சத்தம் தூரத்து மழையாகக் கேட்டது. அறைக்குள் ஃபேன் சுற்றும் சத்தத்தை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பாயில் கிடந்த குழந்தை கண்ணைத் திறந்தது.

நான் சென்னியப்பனைப் பார்த்தேன். அவர் கதவில் வந்து நின்ற மகளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் குழந்தையைப் பார்த்தார். பட்டறையில் எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டைப் பார்த்தார். தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை நிமிர்ந்து நன்றாகப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"கரண்ட் போயிருச்சாட்ட இருக்குது" என்றார்.

நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"டிரான்ஸ்பாரத்துல என்னன்னு பாத்துப்போட்டு வாரேன்" என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

குழந்தை எழுந்து உட்கார்ந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"நீங்க யாருங்க?" என்றது.

எங்கள் வீட்டுக் குழந்தை, கொங்கு நாட்டு மரியாதையோடு ஒரு 'ங்க' போட்டு எங்களைக் கேட்கிறது. நித்யாதான் கதவருகிலிருந்து, "அப்பாரும் அப்பத்தாளும் சாமி. வாழப்பாடியில இருந்து உன்னயப் பாக்கறதுக்கு வந்துருக்காங்க" என்றாள்.

அப்பாவைப் பெற்றவர்களைக் குறிக்கும் அந்தச் சொற்கள் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தன. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஏனென்றால் உடனே அடுத்ததைக் கேட்டாள். நாங்கள் எதற்குப் பயந்தோமோ, சென்னியப்பன் எதற்குப் பயந்தாரோ, அதையே கேட்டாள்.

"எங்கப்பா வர்லீங்களா?"

நான் எத்தனையோ சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் வருவார், விமானத்தில் வருவார், பொம்மை கொண்டுவருவார். குழந்தைக்குச் சொல்லும் பொய்கள் எனக்குத் தெரியாதவை அல்ல.

"இல்ல கண்ணு" என்றேன். "நாங்க ரெண்டு பேரு மட்டும்தான் வந்தோம்."

அவள் என்னைப் பார்த்தாள், சரோஜாவின் கையில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள். "அது எனக்குங்களா?"

சரோஜா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். புருவத்தில் இருந்த பஞ்சை முதலில் எடுத்தாள். அதை எறியவில்லை, விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கவுனைப் போட்டுவிட்டபோது முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் அளவுக்கு இறங்கி நின்றது. பெரிதாகத்தான் எடுத்திருந்தோம். தன்ஷிகா அதைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். சுவரைப் பிடிக்கவில்லை, யாரையும் பிடிக்கவில்லை, அறையின் நடுவில் தனியாக நின்று சுற்றினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை எழுதும்போதும் வருகிறது.

அப்போதுதான் ஜன்னலைக் கவனித்தேன். பாதி சாத்திய ஜன்னலுக்கு வெளியே, சுவரோரம், ஒரு வெள்ளை வேட்டியின் ஓரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்பார்மர் தெருக்கோடியில் இருக்கிறது, ஆட்டோவில் வரும்போதே பார்த்தேன். மனிதர் அதுவரை போகவே இல்லை. குழந்தை கேட்டதும் நான் சொன்னதும் அவர் காதில் விழுந்திருக்கும். நான் சரோஜாவிடம்கூடச் சொல்லவில்லை.

அரை மணி நேரம் இருக்கும். குழந்தை எனக்குத் தன் நூல் குழலைக் காட்டினாள், ஒரு பூனையின் பெயரைச் சொன்னாள், சரோஜாவின் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் கையில் போட்டுக்கொண்டாள். பிறகு சென்னியப்பன் உள்ளே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "வந்துருச்சாட்ட இருக்குது" என்றார். எரிந்துகொண்டே இருந்த விளக்கின் கீழே நின்று அதைச் சொன்னார். நித்யா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பட்டறைக்குள் ஓடினாள். தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆரம்பித்தன.

கிளம்பும்போது சந்தின் முனைவரை எங்களோடு நடந்து வந்தார். பழைய சத்தம் மறுபடி எங்களைச் சூழ்ந்துகொண்டது. ஆட்டோ வந்ததும் சரோஜாவை ஏற்றிவிட்டு, என் தோளைப் பிடித்து, என் காதில் வாயை வைத்தார்.

"அடுத்த மாசமும் இதே மாதர ஒரு சனிக்கெழம மத்தியானம் கரண்ட் போகுமாட்ட இருக்குதுங்க."

"எந்தச் சனிக்கிழமை?" என்றேன் அவர் காதில்.

"கூப்புட்டுச் சொல்றனுங்க" என்றார். தோளில் இருந்த கையை உடனே எடுக்கவில்லை.

ஆட்டோ நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். வாசலில் மஞ்சளாக ஒன்று நின்றது. வாய் அசைந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அப்புறம் அந்த ஊர்க் குழந்தைகள் செய்வதைப்போல வாயை மூடிவிட்டுக் கையை உயர்த்தி, விரல்களை உள்பக்கமாக இரண்டு தடவை மடக்கினாள். போய் வா என்று ஆட்டும் கை அப்படி மடங்காது. சோற்றுக்கு வா என்று ஆட்டோக்காரரின் அம்மா கூப்பிடுவாரே, அந்தக் கை.

பஸ் ஏறும் முன்பு ஆட்டோக்காரரிடம் சொல்லி பாலத்தில் கொஞ்சம் நிறுத்தினோம். காவிரி கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது, அந்தக் கரையில் பவானி கலங்கலாகத் தெரிந்தது. ஆறு சத்தமே போடாமல் போனதா, எங்கள் காதில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் ஆறு கேட்கவில்லையா, தெரியவில்லை. சரோஜா தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி வளையல்களைக் குழந்தையிடமே விட்டு வந்திருந்தாள். அடுத்த தடவை போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

பொழுது சாய்ந்து வீடு வந்து சேர்ந்தோம். நாங்கள் விளக்கைப் போட்ட கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவில் உண்மையாகவே கரண்ட் போனது. இந்த ஊரில் கரண்ட் போனால் எல்லோரும் வாசலுக்கு வந்து மின்வாரியத்தைப் பேர் சொல்லித் திட்டுவோம், அதில் என் குரல்தான் எப்போதும் ஓங்கியிருக்கும். அன்றைக்கு நாங்கள் இருவரும் இருட்டில் உட்கார்ந்து, தறி இல்லாத அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை வக்கீலுக்குப் போன் செய்து, மனு வேண்டாம் என்றேன்.

"ஏன் சார், அவங்களே பாக்கறதுக்கு ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "கரண்ட் போச்சுங்க."